குரல் உடைந்தால் எதை மாற்றுவது?

"மச்சி, உன் வாய்ஸ் கட்டாகுது" என்று யாராவது சொன்னவுடனே புது ஹெட்செட் விலை பார்க்கக் கிளம்புகிறவர்கள் அதிகம். அதற்குமுன் யாருடைய குரல் யாருக்கு உடைகிறது என்று விசாரியுங்கள். வேலரன்ட் அணியில் ஐந்து பேர். உங்கள் குரல் மட்டும் மற்ற நால்வருக்கும் உடைந்து கேட்டால் கோளாறு உங்கள் பக்கம், அநேகமாக அப்லோடில். நால்வர் குரலும் உங்களுக்கு மட்டும் உடைந்தால் அதுவும் உங்கள் வீட்டில்தான். ஆனால் டவுன்லோடிலோ கணினியிலோ. எல்லார் குரலும் எல்லாருக்கும் உடைந்தால் யாரும் எதையும் வாங்க வேண்டாம், சர்வரை மாற்றிப் பாருங்கள். ஒயரை ஆட்டும்போது மட்டும் விட்டுவிட்டு வந்தால் ஹெட்செட்டைக் குற்றம் சொல்லலாம்.

வேகம் போதவில்லை என்று பெரிய பிளானுக்கு மாறுவது அடுத்த வீண்செலவு. டிஸ்கார்ட் குரல் சேனலின் வழக்கமான அளவு நொடிக்கு 64 கிலோபிட். 40 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. "யூடியூப் நல்லாத்தானே ஓடுது?" என்ற வாதமும் செல்லாது. யூடியூப் சில நொடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும். உரையாடலில் அதற்கு இடமில்லை. டிஸ்கார்ட் பயன்படுத்தும் ஓபஸ் கோடெக் பேச்சைப் பொதுவாக 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்குகிறது. வழியில் தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டிருக்கும். ஓரிரண்டு போனால் ஓபஸ் ஊகித்து நிரப்பிவிடும். நிறையப் போனால் அந்த ஊகம்தான் ரோபோ குரலாகக் கேட்கிறது. டிஸ்கார்டில் குரல் இணைப்பு விவரத்தைத் திறந்தால் பிங்கும் பேக்கெட் லாஸும் தெரியும். பிங் 250 மில்லிநொடியைத் தொட்டால் தாமதம், லாஸ் 10 சதவீதத்தைத் தாண்டினால் ரோபோ குரல் என்று அங்கேயே எச்சரிக்கையும் இருக்கும்.

ஆகவே பணம் போடுவதானால் முதலில் லேன் கேபிளில் போடுங்கள். ஹெட்செட் விலையில் ஒரு துளி. கேபிள் இழுக்க முடியாத வீட்டில், ரௌட்டர் அதே அறையிலோ ஒரு சுவர் தள்ளியோ இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. 2.4 தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு ரௌட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. வேறு வழியில்லை என்றால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

கேபிள் போட்டும் சாயங்காலம் மட்டும் உடைகிறதா? வீட்டில் யாருடைய போனோ கேலரியை மேகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கலாம். ரௌட்டரின் வரிசையில் அந்தப் படங்களுக்குப் பின்னால் உங்கள் குரல் காத்து நிற்கிறது. ரௌட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதி இருந்தால் அதை இயக்குவதே நிரந்தர மருந்து. இல்லாவிட்டால் ஆடும் நேரத்துக்கு பேக்கப்பை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதுதான்.

ப்ளூடூத் இயர்பட்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண ப்ளூடூத்தில் மைக் இயங்கியதுமே அது ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு இறங்கி, கேட்கும் ஒலியையும் போன் பேச்சின் தரத்துக்கு இழுத்துவிடும். கையில் அதுதான் இருக்கிறது என்றால் காதுக்கு இயர்பட்ஸ், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக் என்று அமைப்பில் பிரித்துவிடுங்கள், செலவே இல்லை. வாங்குவதானால் 3.5 மிமீ ஒயர் ஹெட்செட் போதும். ஒயரே பிடிக்காதவர்களுக்கு யூஎஸ்பி டாங்கிளோடு வருவது பரவாயில்லை. டாங்கிளை யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் மட்டும் செருக வேண்டாம், டிஸ்க்கின் இரைச்சல் டாங்கிள் இயங்கும் 2.4 அலைவரிசையைக் கெடுக்கும்.

செயலியைப் பொறுத்தவரை, முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால் கேமின் சொந்த வாய்ஸ் சாட்தான், தேர்வே இல்லை. நிலையான நண்பர் கூட்டத்துக்கு டிஸ்கார்ட். சேனல் அமைப்பில் ரீஜனைத் தானியங்கியிலிருந்து இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றலாம். எல்லாருக்கும் உடையும்போது முதலில் செய்ய வேண்டியது இது. மம்பிள் இலவசம், தாமதமும் குறைவு. ஆனால் சர்வரை ஒருவர் பராமரிக்க வேண்டும், அந்த ஒருவர் பரீட்சை சமயத்தில் காணாமல் போவார். டீம்ஸ்பீக்கும் அதே கதைதான்.

லாஸ் பூஜ்யம், பிங்கும் நன்று, ஆனாலும் சொற்களின் தலையும் வாலும் மட்டும் அறுபடுகின்றன என்றால் இணையத்தை விட்டுவிடுங்கள். மைக்கின் உணர்திறன் வரம்பு அதிகமாக இருக்கிறது. "உள்ளே போக வேண்டாம்" என்பதன் கடைசிச் சொல்லை நீங்கள் தணிந்து சொல்ல, அணி "உள்ளே போக" என்பதோடு புறப்பட்டுவிடும். தானியங்கி உணர்திறனை அணைத்து வரம்பைக் கையால் இறக்குங்கள். மேலே மின்விசிறி ஓடும் அறையில் அப்படி இறக்கினால் விசிறியும் சேர்ந்து பேசும். அங்கே புஷ் டு டாக் மேல். விசையை விட்ட பிறகும் மைக் சற்று நேரம் திறந்திருக்கும்படி ரிலீஸ் டிலேயைக் கூட்டிவையுங்கள்.