ஒப்பா, உப்பா? – திருவிண்ணகர்த் திருநாம விசாரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அயல்நாட்டில் வாழும் ஓர் இளம் பாகவதர் அண்மையில் நமக்கு எழுதியிருந்தார். திருவிண்ணகர் எம்பெருமானே அவர்களுக்குக் குலதெய்வம். மாதந்தோறும் திருவோண நன்னாளில் உப்பில்லா உணவை ஒருவேளை மட்டும் உட்கொண்டு விரதம் காப்பது மூன்று தலைமுறையாக அவர்கள் திருமாளிகை வழக்கம். எம்பெருமானுடைய உண்மையான திருநாமம் ‘ஒப்பிலியப்பன்’ என்பதே, ‘உப்பிலியப்பன்’ என்பது மருவிய வடிவம் என்று எங்கோ படித்தாராம். “அப்படியாயின் எங்கள் பாட்டி ஆயுள் முழுதும் காத்த விரதம் ஓர் எழுத்துப் பிழையின்மேல் நின்றதா?” என்று கேட்டிருந்தார். விளையாட்டாகக் கேட்கப்பட்ட வினா அன்று இது. ஆதலின் ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கிச் சற்று விரிவாக விசாரிப்போம்.

கும்பகோணத்திற்குக் கிழக்கே, திருநாகேச்சுரத்தை அடுத்து எழுந்தருளியிருக்கும் இத்திவ்யதேசத்திற்குப் பேயாழ்வார், நம்மாழ்வார், திருமங்கையாழ்வார் ஆகியோர் வழங்கிய பெயர் திருவிண்ணகர். இன்று பேருந்தில் ஏறி ‘திருவிண்ணகர்’ என்று சீட்டுக் கேட்டால் நடத்துநர் நம் முகத்தைப் பார்ப்பார். ‘உப்பிலியப்பன் கோயில்’ என்றால் உடனே கிழித்துக் கொடுப்பார். எம்பெருமான் திருநாமம் ஊர்ப்பெயரையே விழுங்கிவிட்டது. அருகிலுள்ள திருநறையூரின் கதையும் இதுவே. நறை என்பது தேன், நறுமணம் எனப் பொருள்படும் இனிய பழந்தமிழ்ச் சொல். அவ்வூர் எம்பெருமானைத் திருமங்கையாழ்வார் நூற்றுக்கும் மேற்பட்ட பாசுரங்களால் பாடியிருந்தும், அங்கே முதன்மை பெற்ற வஞ்சுளவல்லித் தாயாரை முன்னிட்டு ஊர் இன்று நாச்சியார்கோயில் ஆயிற்று. பிராட்டியின் பெயர் நிலைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. எனினும் ‘நறையூர்’ எங்குள்ளது என்று பாசுரம் சேவிப்பவரே கேட்கும் நிலை வந்துவிடக்கூடாது.

‘விண்ணகர்’ என்னும் சொல்லுக்கு வருவோம். விண் + நகர் எனப் பிரித்து, விண்ணுலகத்தை ஒத்த நகர் என்பது ஒரு பொருள். இதனையொட்டியே வடமொழியில் ஆகாசநகரி என்ற பெயரும் வழங்குகிறது. கல்வெட்டு ஆராய்ச்சியாளர் கூறுவது வேறு: ‘விஷ்ணுக்ருஹம்’ என்பது தமிழ்வாயில் ‘விண்ணகரம்’ ஆயிற்று என்பர். சோழர் காலக் கல்வெட்டுகளில் சிவன் கோயில் ‘ஈச்சுரம்’ எனவும் திருமால் கோயில் ‘விண்ணகரம்’ எனவும் பொதுப்பெயராகவே வருதலைக் காணலாம். பழந்தமிழில் ‘நகர்’ என்ற சொல்லுக்கும் இல்லம், கோயில் என்ற பொருள்கள் உண்டு. பட்டணம் என்பது மட்டுமே பொருள் என்று கொள்ளலாகாது. எனவே எவ்வழியில் பிரித்தாலும் எம்பெருமான் உறையும் இடம் என்ற கருத்திலேயே வந்து நிற்கிறோம்.

இப்பொதுப்பெயரைத் தாங்கிய திவ்யதேசங்கள் வேறு ஐந்து உண்டு. காழிச்சீராம விண்ணகரம், அரிமேய விண்ணகரம், வைகுந்த விண்ணகரம், நந்திபுர விண்ணகரம், பரமேச்சுர விண்ணகரம் என்பன அவை. (காஞ்சியிலுள்ள கடைசிப் பெயரைக் கேட்டுச் சிலர் திகைப்பதுண்டு. பரமேச்சுரன் என்பது இங்கே மன்னன் பெயர். அக்கோயிலை எடுப்பித்த பல்லவன் இரண்டாம் நந்திவர்மனுக்குப் பட்டமேறுமுன் வழங்கிய பெயர் அதுவே.) இவ்வைந்துக்கும் ஊராலோ மன்னனாலோ மூர்த்தியாலோ ஓர் அடைமொழி வேண்டியிருக்கிறது. நம் திருவிண்ணகருக்கு மட்டும் ‘திரு’ ஒன்றே போதுமாயிற்று.

இனி எம்பெருமான் திருநாமம். திருவாய்மொழி ஆறாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி முழுவதும் இத்திவ்யதேசத்தைப் பற்றியது. வறுமையும் செல்வமும், நரகும் சுவர்க்கமும், பகையும் நட்பும், விஷமும் அமுதமும் என ஒன்றோடொன்று சேராதவை யாவும் அவனே என்று ஆழ்வார் அநுபவிக்கிறார். விருத்தவிபூதிகளை உடையவன் எனப் பூர்வாசார்யர்கள் இதனை வியாக்கியானித்தருளினர். அதன் ஒன்பதாம் பாசுரத்திலேதான் தனக்கு ஒப்பார் இல்லாத அப்பன் என்ற திருநாமம் பிறக்கிறது. பொன்னப்பன், மணியப்பன், முத்தப்பன், என்னப்பன் என்று இத்தலத்தார் போற்றும் மற்றத் திருநாமங்களுக்கும் அப்பாசுரமே பிறப்பிடம். ஆகவே சொல்லாராய்ச்சியில் ஐயத்திற்கு இடமே இல்லை. ஒப்பு + இலி + அப்பன் என்பதே மூலம்.

‘ஒப்பு’ எப்படி ‘உப்பு’ ஆயிற்று? பேச்சுத்தமிழில் உடம்பை ஒடம்பு என்றும் உலக்கையை ஒலக்கை என்றும் சொல்லுகிறோம். இவ்வாறு பேசிப் பழகியவர்கள், ‘ஒப்பிலி’யும் இத்தகைய கொச்சையே என்று எண்ணி அதனை ‘உப்பிலி’ எனத் திருத்திக்கொண்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. திருத்தப் போய் மாறிய பெயர்!

ஆயினும் ஸ்தலபுராணம் இவ்வளவில் விடுவதில்லை. துளசிவனத்தில் மார்க்கண்டேய மஹர்ஷி கண்டெடுத்து வளர்த்த குழந்தை பூமிப்பிராட்டி. பங்குனித் திருவோணத்தன்று முதியவர் வேடத்தில் வந்து எம்பெருமான் பெண் கேட்கிறான். “இவள் சிறுபெண், சமையலில் உப்பிடும் அளவும் அறியாள்” என்று மஹர்ஷி தயங்க, உப்பில்லாமல் சமைத்தாலும் தனக்கு உகப்பே என்கிறான் அவன். ஐப்பசித் திருவோணத்தில் திருக்கல்யாணம் நடந்தேறுகிறது. அன்றுதொட்டு இங்கே தளிகை யாவும் உப்பில்லாமலே அமுது செய்விக்கப்படுகிறது. உப்பிட்ட பண்டங்களைச் சந்நிதிக்குள் கொண்டு செல்வதும் இல்லை. பூமிப்பிராட்டியைப் பிரிந்து எம்பெருமான் புறப்பாடு கண்டருளுவதும் இல்லை.

வங்கியில் நாம் பணியாற்றிய காலத்தில், ஒரு வாடிக்கையாளர்க்கு இரு பெயர்கள் இருப்பின் இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்பதற்குச் சான்று கேட்போம். அவ்வழக்கம் இன்னும் விடவில்லை போலும். இங்கும் அச்சான்றைத் தேடினோம். முற்கூறிய ஒன்பதாம் பாசுரத்திலேயே அது கிடைத்தது. தந்தையாய், செவிலியாய், பெற்ற தாயாய் நின்றதை முதலில் சொல்லி, ஒப்பாரில்லாதவன் என்ற உடனேயே, தன் திருவடி நிழலை எனக்குத் தந்தான் என்று தலைக்கட்டுகிறார் ஆழ்வார். வைகுந்தத்தின் பெருமையைக் காட்டி ஒப்பின்மையை அவர் நிறுவவில்லை. ஒன்றுமில்லாதவன்பால் தானே இறங்கி வந்து தந்ததைக் காட்டுகிறார். சிறுபெண் உப்பிடாது சமைத்ததை உகந்து ஏற்றான் என்ற புராணம் சொல்லுவதும் இந்த ஸௌசீல்யத்தையே. உலகில் மணம் பேச வந்தவர் எவரும் இப்படி ஒப்பமாட்டார்.

எனவே அவ்வன்பர்க்கு நாம் எழுதிய விடை இதுவே. எழுதும்போதும் பாசுரம் சேவிக்கும்போதும் ‘ஒப்பிலியப்பன்’ என்ற வடிவையே கொள்க. இரண்டும் ஒன்றே என்று சொல்லி ஆழ்வார் திருவாக்கை நழுவவிடலாகாது. மாறிய பெயர் ‘உப்பு’ என்ற எழுத்து. பாட்டியார் உப்பை விலக்கியது அவ்வெழுத்துக்காக அன்று, எம்பெருமான் எதனை உவந்து ஏற்றானோ அதனையே தாமும் உண்பதற்காக. அடுத்த திருவோணத்தன்று உணவுக்கு முன் இத்திருவாய்மொழியின் பதினொரு பாசுரங்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து சேவியுங்கள். ஒன்பதாவதில் சற்று நிறுத்தி இத்திருநாமத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். அதன்பின் உப்பில்லாச் சோற்றைப் பரிமாறலாம்.

அடியோம்.