பிடரியில் அரிப்பு இருப்பது தெரிந்தே குதிரையை வாங்கலாமா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் நான்கு விசைத்தறி வைத்து ஓட்டுகிறேன். மகளுக்குக் குதிரையேற்றத்தில் ஆசை. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டால் தீவனச் செலவுக்காவது ஆகுமே என்றும் நினைத்தேன். ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தையில் பழக்கமான ஒரு விவசாயி, தன்னிடமுள்ள ஆறு வயது மார்வாரி பெண் குதிரையைத் தருவதாகச் சொன்னார். ஐப்பசியில் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். பிடரியிலும் வாலடியிலும் முடி கொட்டி, தேய்த்துத் தேய்த்துப் பொருக்குக் கட்டியிருந்தது. கேட்டதற்கு, "மழைக்காலத்துப் பூச்சிக்கடி அரிப்புதான், ஒட்டாது, எண்ணெய் போட்டால் போய்விடும்" என்றார். அதற்காகவே 2,20,000 சொன்னவர் 1,80,000 ரூபாய்க்கு இறங்கி வந்தார். அன்றே 25,000 ரூபாய் ஜிபே செய்தேன். எழுத்து எதுவும் இல்லை. இப்போது மார்கழி. முடி முளைத்துவிட்டது, பாக்கியைக் கொடுத்து ஓட்டிப் போங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்கிறார். என் மச்சினர் வாங்கச் சொல்கிறார், மனைவி வேண்டாம் என்கிறார். வாங்கிய பிறகு நோய் முற்றினால் திருப்பிக் கொடுக்க முடியுமா? வாங்காவிட்டால் முன்பணம் கிடைக்குமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எட்டுப் பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறோம். குதிரைக்கு எத்தனை சுழி, எந்தச் சுழி ராசி, தரகர் என்ன சொன்னார் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது. உங்கள் விஷயத்தைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று. அரிப்பு இருப்பது பணம் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். தெரிந்ததோடு நிற்கவில்லை, அதைக் காட்டி 40,000 ரூபாய் விலையும் குறைத்திருக்கிறீர்கள்.

குதிரை அசையும் சொத்து. ஆகவே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதற்குப் பொருந்தும். அதன் 16-ஆம் பிரிவுப்படி, பொருளின் தரத்தைப் பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குபவரின் பொறுப்பு. இதற்கு விலக்குகள் உண்டு. ஆனால் முக்கியமான இரண்டும், அந்தப் பொருளை வியாபாரமாகவே விற்பவருக்குத்தான் பொருந்தும். உங்களுக்கு விற்பவர் விவசாயி, வீட்டுக் குதிரையைக் கொடுக்கிறார். அவர் குதிரை வியாபாரி என்றே வைத்துக்கொண்டாலும், நீங்கள் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல என்று அதே பிரிவு சொல்கிறது. நீங்கள் நேரில் பார்த்தீர்கள், தொட்டீர்கள், காரணமும் கேட்டீர்கள். நாளைக்கு "அரிப்புக் குதிரையைத் தலையில் கட்டிவிட்டார்" என்று வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்கும் முதல் கேள்வி, விலை ஏன் குறைந்தது என்பதாகத்தான் இருக்கும்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், மோசடி எது என்று சொல்லும் 17-ஆம் பிரிவில் குதிரையையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறது. ஒருவர் தன் குதிரை நலமாக இல்லை என்று தெரிந்தும் ஏலத்தில் பேசாமல் விற்கிறார். அது மோசடி ஆகாது. அதே ஏலத்தில் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். வாங்குபவர் கேட்டாரா, கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பதில்தான் சட்டம் கண்ணாக இருக்கிறது என்பது இதிலிருந்து தெரியும். இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் பலம் இருக்கிறது. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவர் மௌனமாக இல்லாமல் மூன்று விஷயம் சொன்னார்: பூச்சிக்கடி, ஒட்டாது, எண்ணெய்க்குப் போய்விடும். இதில் ஒன்று பொய் என்றும், பொய்யென்று தெரிந்தே சொன்னார் என்றும் நிரூபித்தால் ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். அவரும் நம்பித்தான் சொன்னார் என்றால் அது தவறான தகவல் மட்டுமே. அப்படிப்பட்ட தகவலில், சாதாரண அக்கறையோடு விசாரித்திருந்தால் உண்மை உங்களுக்கே தெரிந்திருக்கும் என்றால், 19-ஆம் பிரிவின் விலக்கு உங்கள் வாயை அடைத்துவிடும். ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டுவது சாதாரண அக்கறை இல்லையா என்று நீதிபதி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இங்கே கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் புண்ணைப் பார்த்தீர்கள், மார்கழியில் கடிதம் எழுதுகிறீர்கள். இந்த இரண்டு மாதத்தில் ஒரு மருத்துவரைக் கூட்டிப் போகவில்லை. கையில் போன் இருந்தும் அந்தப் பொருக்கை ஒரு படம் எடுக்கவில்லை. இன்று முடி முளைத்துவிட்டது. அன்று எந்த அளவில் புண் இருந்தது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக எல்லாவற்றையும் சொன்னார் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே போன் மாற்றியதில் அது போய்விட்டது என்கிறீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, போனில் இருப்பதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அதற்கென ஒரு சான்றிதழும் வேண்டும். பதிவே இல்லாதபோது சான்றிதழுக்கு எங்கே போவது? 25,000 ரூபாய் அனுப்பியபோது ஜிபேயில் "குதிரை முன்பணம்" என்று இரண்டு வார்த்தை அடித்திருந்தால், அது எதற்கான பணம் என்றாவது நிற்கும். அதையும் செய்யவில்லை. பழகிய மனிதரிடம் எழுதி வாங்கினால் தப்பாக நினைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். பழகியவர்களுக்குள் வரும் வழக்குகள்தான் கடைசிவரை தீராமல் இழுக்கின்றன. எழுதி வாங்குவது அவரை அவமதிப்பது ஆகாது. இன்று இருக்கும் நட்பு நாளைக்கும் இருக்க அதுதான் வழி. அந்தக் குரல் பதிவு பழைய போனிலோ பேக்கப்பிலோ கிடைக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பழைய போனைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.

நோய் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் எந்த நோய் என்பதைப் பொறுத்துச் சட்ட விளைவு மாறும் என்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். விற்பவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். கொசுவைவிடச் சின்னதாக ஒரு கடிப்பூச்சி இனம் உண்டு. ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்த இனம்தான். இதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத குதிரைக்குப் பிடரியிலும் வாலடியிலும் தாங்க முடியாத அரிப்பு வரும். தூண், மரம், சுவர் என்று கண்டதில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். இது ஒவ்வாமை, மற்ற விலங்குக்கு ஒட்டாது. ஆனால் போய்விடாது. பூச்சி இல்லாத மாதங்களில் அடங்கியிருந்து, ஈரம் வந்தால் மறுபடி வரும். வயது ஏற ஏறக் கூடவும் செய்யலாம். சாயங்காலமும் விடியற்காலையிலும் லாயத்துக்குள் கட்டி, மேலே போர்வை போட்டு, ஆயுசுக்கும் பார்க்க வேண்டும். ஆகவே மார்கழியில் முளைத்த முடியைப் பார்த்து குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். போட்டிருந்தால் கொஞ்ச நாளைக்கு எல்லாம் சரியானது போலத் தெரியும்.

அதே இடத்தில் சொறிப்பூச்சியோ படர்தாமரையோ இருந்தால் மற்ற குதிரைகளுக்கு ஒட்டும். படர்தாமரை உங்கள் மகளுக்கும் ஒட்டலாம். இவற்றையெல்லாம்விடப் பயப்பட வேண்டியது கிளாண்டர்ஸ். தோலில் வரும்போது முடிச்சு முடிச்சாக வீங்கி உடைந்து புண்ணாகும், மனிதருக்கும் தொற்றும். 1899-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். இன்று அதன் இடத்தில் 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி தகவல் கொடுப்பது உரிமையாளரின் கடமை. நோய் உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள். நீங்கள் விவரித்த அறிகுறி அப்படித் தெரியவில்லை. ஆனால் கடிதத்தில் படித்து முடிவு செய்கிற காரியமா இது? ஈரோட்டிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவில் இல்லை. தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். லாரியில் ஏற்றுவதற்கும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, குதிரை பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லாதது என்ற சான்றிதழ் உடன் இருக்க வேண்டும்.

வாங்கித்தான் ஆவது என்றால், அவர் வாயால் சொன்னதைக் கையெழுத்தாக வாங்குங்கள். சரக்கு விற்பனை ஒப்பந்தத்துக்குப் பொதுவாக முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். குதிரையின் நிறம், வயது, அங்க அடையாளம், இன்றைய தேதியில் தோலின் நிலை, இதற்கு முன் எப்போதெல்லாம் இந்த அரிப்பு வந்தது, கடைசி முப்பது நாளில் போட்ட ஊசி மருந்து, தொற்றுநோய் இல்லை என்ற உறுதி, சேணம் போட்டுச் சவாரி செய்யத் தகுதி என்ற உறுதி, இவ்வளவும் அதில் வர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதில் எது பொய்யானாலும் இத்தனை நாளுக்குள் குதிரையைத் திருப்பிக்கொண்டு முழுப்பணம் தருவேன் என்ற வாசகம் வேண்டும். ஏனென்றால் ஒருமுறை குதிரையை ஏற்றுக்கொண்டுவிட்டால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி பொதுவாக நஷ்டஈடுதான் கேட்கலாம், திருப்பித் தள்ள முடியாது. திருப்பும் உரிமை வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே அது இருக்க வேண்டும். இன்னும் பாதுகாப்பான வழி, அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்லும் பிடித்தால் வாங்கும் முறை. குறிப்பிட்ட கெடுவரை உங்கள் லாயத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வது. கெடு முடிவதற்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால் வாங்கியதாகவே ஆகிவிடும். உங்கள் சுபாவத்துக்கு, அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். அந்த இடைநாளில் குதிரைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிட வேண்டும்.

முன்பண விஷயம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். அரிப்பைத் தெரிந்து விலை பேசிவிட்டு, இப்போது மனம் மாறியதால் மட்டும் விலகினால் தவறு உங்கள் பக்கம். அதற்காக அவர் முழுத் தொகையையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு பற்றி, 2015-ல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறது. இரண்டு மாதம் தீவனம் போட்டேன், வேறு ஆளுக்கு விற்க விடாமல் செய்தீர்கள் என்று அவர் கணக்குச் சொல்வார். அதில் நியாயமான பகுதியை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். மருத்துவர் அறிக்கை அவர் சொன்னதற்கு நேர்மாறாக வந்தால் நிலைமை உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும். பணத்தைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதைப் படித்துவிட்டு இன்னும் மூன்று ஆண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. விற்பவர் வியாபாரி அல்ல என்பது ஒரு தடை. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க வாங்கினீர்கள் என்பது இன்னொரு தடை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவருக்குச் சலுகை உண்டு. உங்களுக்கு விசைத்தறி இருக்கிறது.

குதிரை உங்கள் கைக்கு வந்தபின் உங்களுக்கு வரும் கடமையையும் மறக்க வேண்டாம். நோயாலோ புண்ணாலோ வேலைக்கு லாயக்கில்லாத விலங்கை வேலை வாங்குவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றம். பிடரி ரணமாக இருக்கும்போது ஜரிகைச் சேணம் போட்டு, மேளமும் வெடியுமாக ஊர்வலம் விட்டால், குற்றவாளி விற்றவர் அல்ல, நீங்கள். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் நல்ல மழைக்காலத்தில்தான் வருகின்றன. வாடகை வருமானத்தை நம்பி வாங்குவதாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்பேன். வாயில்லாத ஜீவன் அது, வலிக்கிறது என்று சொல்லாது. மகளின் சவாரிக்காக மட்டும், காலமெல்லாம் பராமரிக்கும் மனதோடு வாங்குவதானால், அறிக்கையும் கையெழுத்தும் சரியாக அமைந்தால் வாங்கலாம்.

இது உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து. விற்பவர் தரப்பு எனக்குத் தெரியாது, ஒரு காகிதத்தையும் நான் பார்க்கவில்லை. ஜிபே விவரம், வங்கிப் பாஸ்புத்தகம், அந்தக் குரல் பதிவு கிடைத்தால் அதுவும், மருத்துவர் அறிக்கை, இவற்றோடு உங்கள் ஊரிலுள்ள ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். ஒப்பந்த வாசகத்தை அவரே எழுதட்டும். அவர் படித்துச் சரி என்று சொல்லும்வரை மீதி 1,55,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், குதிரையையும் உங்கள் லாயத்துக்கு ஓட்டி வராதீர்கள்.