கொள்ளைநோய்க் காலத்தில் கூலியாட்களின் தேகமும் மனமும்

2020-ம் வருஷம் கொரோனா ஊரடங்கில் வயல்வேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. மே மாதம் 5-ந் தேதி, நோய் பரவிய சென்னைக் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது. அங்கிருந்து நம் ஜில்லாவுக்குத் திரும்பிய தொழிலாளிகளிடமும் நோய் காணவே, வெளியூரிலிருந்து வந்தோரைக் கண்டு கிராமத்தார் அஞ்சினர்.

அச்சம் இயல்பே. ஆயின், ஊரார் ஒதுக்குவர், கூலியும் போகும் என்று கலங்குவோர் ஜுரத்தை மறைத்து வேலைக்கு வருவர். கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் விதை மணிலா உரிப்போர் முழங்கால் இடிக்க நெருங்கி உட்காருவது வழக்கம். மறைத்த ஜுரம் பரவ ஒரு பகல் போதும்.

ஆகையால், ஜுரமென்று சொல்லி வீட்டில் தங்குவோருக்குப் பாதிக் கூலியாவது உண்டென்று நிலமுடையோர் முன்கூட்டியே அறிவித்தல் நலம். ஈரம் போகுமுன் விதைக்க ஆளில்லாமற் போவதைக் காட்டிலும் இச்செலவு சொற்பம். தனித்திருப்போரைக் கிராம அதிகாரிகள் தினம் ஒருமுறை வாசலில் நின்றே பெயர் சொல்லி விசாரிக்கவேண்டும். உறக்கமின்மையோ, எவரோடும் பேசாதிருத்தலோ காணப்படின், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே தெரிவிக்கவும்.