ஆட்டம் சேப்பாக்கத்தில், படுக்கை திருத்தணியில்

2023 உலகக் கோப்பை கிரிக்கெட்டில் சேப்பாக்கத்தில் நடந்த 5 ஆட்டங்களும் பிற்பகல் 2 மணிக்குத்தான் தொடங்கின. அப்படியோர் ஆட்டத்துக்காக உறவினர் வந்து திருத்தணியில் உங்கள் வீட்டில் தங்கினால், போவது சுலபம்: சென்ட்ரல் வரை புறநகர் ரயில், அப்புறம் பூங்கா நகரில் பறக்கும் ரயில். திரும்புவதுதான் தலைவலி. ஆட்டம் முடியவே இரவு பத்தாகிவிடும். கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துச் சொல்லுங்கள். கையில் ஒரு சாவியும் கொடுத்தனுப்புங்கள், நடுராத்திரியில் யார் எழுந்து கதவு திறப்பது?

ஆடிக் கிருத்திகை சமயமென்றால் விடுதியை நம்பாதீர்கள். ஊரே காவடிக் கூட்டமாக இருக்கும்.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருபவரை வீட்டில் தங்கவைத்தால், 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறை இணையதளத்தில் பதிய வேண்டும். சொந்த அத்தை மகனானாலும் விலக்கில்லை.