ஒரு யூனிட்டின் விலை என்ன?
(டாக்குரியா வாடகை வீடுகளின் மின்கட்டணம் பற்றி ஓர் ஆராய்ச்சி)

ஜாதவ்பூரில் பயிலும் நம் சங்கத்து நண்பர்களில் விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் டாக்குரியாவில் அறை தேடுவது வழக்கம். கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். ரயில் நிலையம் அருகில். காப்பித்தூளும் முருங்கைக்காயும் வேண்டுமானால் லேக் மார்க்கெட் அதிக தூரமில்லை. வாடகை பேசும்போது ஐந்நூறு ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதாடும் நாம், "மின்சாரம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய்" என்று வீட்டுக்காரர் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை இறக்கிவிடுகிறோம். அந்தப் பத்து ரூபாய் நியாயமான விலைதானா என்று கேட்பவர் அரியர். ஜூலையில் புதிய மாணவர்கள் வந்து ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு முன் இக்கேள்வியைச் சற்று ஆராய்வது பயனுடையது என்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

யூனிட் என்பது ஆயிரம் வாட் சக்தியுள்ள ஒரு சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். எழுபத்தைந்து வாட் மின்விசிறி ஒன்று நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 0.9 யூனிட் ஆகும். மாதத்திற்கு 27 யூனிட். இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

முதலில், மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டா? இங்கிலாந்தில் 1990-களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்காரரும் தமக்குப் பிடித்த கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே அங்கே ஒரு தொழிலாகிவிட்டது. நம் நாட்டில் பம்பாய்ப் புறநகரில் இதைப் போன்ற ஒன்று நடந்தது. 2008-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் அதன் பின் மராட்டிய மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் பிறப்பித்த உத்தரவையும் தொடர்ந்து, ரிலையன்ஸின் கம்பி வழியாகவே டாடாவின் மின்சாரத்தை வாங்க மக்களுக்கு வழி பிறந்தது. கம்பி பழையது, பில் புதியது! கல்கத்தாவில் அந்தப் பேச்சே இல்லை. 1897-இல் லண்டனில் தொடங்கி, 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் முதல் மின்நிலையத்தை இயக்கிய கம்பெனியின் வழிவந்த சி.இ.எஸ்.சி. ஒன்றே டாக்குரியாவுக்கு மின்சாரம் தருகிறது. விலையை அக்கம்பெனி தன் விருப்பப்படி வைக்க இயலாது. மேற்கு வங்க மின் ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கிறது. ஆகவே மலிவானதைத் தேடுபவர் கம்பெனிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. எந்த மீட்டரின் வழியாக வாங்குகிறோம் என்பதுதான் இங்கே கேள்வி.

இதற்குக் கட்டணப் பட்டியலைப் பார்க்கவேண்டும். அண்மை ஆண்டுகளில் நகர்ப்புற வீடுகளுக்கு இருந்த பட்டியல் ஒரு படிக்கட்டைப் போன்றது. மாதத்தின் முதல் 25 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு ரூ. 5.18, அடுத்த 35-க்கு 5.69, அடுத்த 40-க்கு 6.70, அடுத்த 50-க்கு 7.45, அதன்பின் 300 வரை 7.62, 300-க்கு மேல் போனால் 9.21. இவற்றோடு நிலைக் கட்டணம், மீட்டர் வாடகை முதலிய சில்லறைகள் உண்டு. சிறிய வீட்டுக்கு அவை பெருந்தொகை அல்ல. ஆணையம் விலையை மாற்றும்போது எண்கள் மாறும். கணக்கிடும் முறை அப்படியே நிற்கும். கையிலுள்ள பில்லின் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்க.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். "முந்நூற்றைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் ஒன்பது ரூபாய் போட்டுவிடுவான்" என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியன்று. 301-ஆவது யூனிட்டுக்கு மட்டுமே 9.21, கீழ்ப்படிகளின் விலை மாறுவதில்லை. இந்த அச்சம் நம்மவர் ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று நினைக்கிறேன்; ஏனெனில் தமிழ்நாட்டில் அது ஓரளவு உண்மை. 2022 செப்டம்பரில் அங்கே அமலான பட்டியல்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த குடும்பம் ரூ. 1,725 கட்டியது. 501 யூனிட் செலவழித்த குடும்பமோ ரூ. 1,958 கட்டியது. ஐந்நூறைத் தாண்டியவுடன் கீழ்ப்படியில் இருந்த ஒரு சலுகை பறிபோவதால், ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! மீட்டர்க்காரர் வரும் நாளில் அம்மாக்கள் கிரைண்டரை நிறுத்திவைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்கத்தாவில் அத்தகைய பள்ளம் கிடையாது. படி ஏற ஏறக் கால் வலிக்கும், அவ்வளவே.

இனி நம் கணக்குக்கு வருவோம். மாடியில் நான்கு மாணவர்கள், குளிர்சாதனம் இல்லை, மாதம் 200 யூனிட் செலவழிக்கிறார்கள். கீழ்வீட்டில் உரிமையாளர் குடும்பம் மாதம் 250 யூனிட் செலவழிக்கிறது. கம்பெனி மீட்டர் ஒன்றுதான், அது உரிமையாளர் பெயரில். மாடிக்கு அவர் ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். மாணவர்கள் தருவது 2,000 ரூபாய்.

அந்த நால்வருக்கும் தனியே கம்பெனி மீட்டர் இருந்திருந்தால்? படிப்படியாகக் கூட்டினால் 200 யூனிட்டுக்கு ரூ. 1,350.15. சராசரி யூனிட்டுக்கு 6.75. மீட்டர் வாடகை முதலியவற்றைச் சேர்த்தாலும் மாதம் அறுநூறு ரூபாய்க்குக் குறையாமல் வேறுபாடு.

உடனே வீட்டுக்காரரைக் கொள்ளைக்காரர் என்று முடிவுகட்டுவது எளிது. அவர் பக்கத்தையும் கேட்பது நியாயம். மாணவர்கள் இல்லாதிருந்தால் 250 யூனிட்டுக்கு அவர் கட்டுவது ரூ. 1,731.15. மாணவர்கள் வந்தபின் மீட்டர் 450 காட்டுகிறது, பில் ரூ. 3,493.65. ஆக, மாணவர்களால் அவருக்கு ஏற்பட்ட கூடுதல் செலவு ரூ. 1,762.50, யூனிட்டுக்கு 8.81. "நீங்கள் வந்ததால் நான் ஒன்பது ரூபாய்ப் படியில் ஏறிவிட்டேன்" என்று அவர் சொல்வது முழுப் பொய்யன்று. அவர் தம் கையிலிருந்து ஒரு காசும் போடாமலிருக்க 8.81 வேண்டும். அதற்கு மேல் வாங்குகின்ற 237 ரூபாய் ஐம்பது காசு அவருக்கு இலாபம்.

மாணவர்களோ, "மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுப்போம்" என்பார்கள். அப்படி வகுத்தால் யூனிட்டுக்கு 7.76, மாணவர் பங்கு ரூ. 1,552.73. இதுவும் கேட்க அழகான வாதந்தான். ஆனால் இம்முறையில் உரிமையாளர் குடும்பம் 1,940.92 கட்டவேண்டியதாகிறது, மாணவர்கள் இல்லாதபோது கட்டியதைவிட ஏறத்தாழ 210 ரூபாய் அதிகம். மாடியை வாடகைக்கு விட்டதற்கு அவர் மின்சாரத்தில் அபராதம் கட்டுகிறார் என்று பொருள்.

ஆக ஒரே மின்சாரத்துக்கு 6.75, 7.76, 8.81, 10 என்று நான்கு விலைகள். இவற்றுள் எது நியாயம் என்று இரு தரப்பும் மாலை முழுவதும் வாதாடலாம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. இரு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் இருவரும் சேர்ந்து கட்டவேண்டியது 1,731.15-ம் 1,350.15-ம்: ரூ. 3,081.30. ஒரே மீட்டரில் கட்டுவது ரூ. 3,493.65. இடையிலுள்ள 412 ரூபாய் 35 காசு மாணவர் பைக்கும் போகவில்லை, வீட்டுக்காரர் பைக்கும் போகவில்லை. இரண்டு குடும்பங்கள் ஒரே படிக்கட்டில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்பதால் மாதாமாதம் வீணாகும் பணம் அது. பத்து ரூபாயைப் பற்றிச் சண்டையிடுபவர்கள் பெரும்பாலும் இந்த நானூற்றைக் காண்பதில்லை.

தனி மீட்டர் கேட்கும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டா? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இடத்தின் "உரிமையாளரோ குடியிருப்பவரோ" விண்ணப்பித்தால் விநியோகக் கம்பெனி இணைப்புத் தரவேண்டும் என்கிறது. குடியிருப்பவர் என்ற சொல் நம்மையும் உட்கொண்டது. எனினும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், காப்புத்தொகை கட்டவேண்டும், மீட்டர் வைக்கும் சுவர் வீட்டுக்காரருடையது. அவருடைய மனக்கசப்போடு ஓராண்டு காலந்தள்ளுவது மாணவர்க்கு எளிதன்று. ஆகையால் சட்டத்தைக் காட்டிப் பேசுவதைவிட மேற்கண்ட 412 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுவது நலம் என்பது என் அபிப்பிராயம். பத்து ரூபாய் வாங்குபவருக்குத் தனி மீட்டரால் 237 ரூபாய் இலாபம் போகும்; மாணவர்களுக்கோ 650 மிஞ்சும். மிஞ்சுவதில் முந்நூறை வாடகையில் கூட்டித் தருகிறோம் என்றால் இருவருக்கும் ஆதாயம். இரண்டாண்டு தங்குபவர்களுக்கு இது பொருந்தும். ஆறு மாதத்தில் அறை மாறுபவர்கள் காப்புத்தொகைக்கு அலைவதைவிட, 8.81 கணக்கைக் காட்டி ஒன்பது ரூபாய்க்கு இசைவு பெறுவதே போதும். ஒரே குடும்பம் கீழ்ப்படியின் சலுகைக்காக இரண்டு மீட்டர் வாங்குவது வேறு. நான் சொல்வது உண்மையிலேயே தனித்தனிக் குடியிருப்புகளைப் பற்றி.

தனி மீட்டர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேறொரு சிக்கல் வரும். ஏப்ரல் மாதத்தில் நால்வரில் ஒருவர் தம் அறைக்குக் குளிர்சாதனம் பொருத்துகிறார். மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால், இரவு ஆறு மணி நேரம் ஓடி மாதம் 180 யூனிட். வீட்டின் மொத்தம் 380. பில் 1,350.15-லிருந்து 2,848.95 ஆகிறது. வழக்கப்படி நான்காக வகுத்தால், மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டிருந்த மூவரும் தலைக்கு 337 ரூபாய்க்குப் பதில் 712 ரூபாய் தருகிறார்கள். நட்பு முறிவது இப்படிப்பட்ட இடத்தில்தான்! குளிர்சாதனத்தின் 180 யூனிட்டுக்குச் சராசரி விலை போடுவதும் சரியன்று. அது மேற்படிகளில் ஏறி நின்றதால் அதன் உண்மைச் செலவு ரூ. 1,498.80, யூனிட்டுக்கு 8.33. அதை அந்த நண்பரே ஏற்பதுதான் முறை. பிளக்கில் செருகி யூனிட் காட்டும் சிறு அளவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இருந்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

இதே காரணத்தால் சேமிப்பின் மதிப்பும் சராசரி விலையைவிட அதிகம். நான்கு பழைய மின்விசிறிகளை எடுத்துவிட்டு முப்பது வாட்டுக்குள் ஓடும் புதியவகை விசிறிகளைப் போட்டால் மாதம் ஏறத்தாழ 65 யூனிட் குறையும். குறைவது அடிப்படியிலிருந்து அன்று, உச்சிப்படியிலிருந்து. 200 யூனிட் வீட்டில் அந்த 65-இன் விலை ரூ. 492.75. வாடகை வீட்டில் விசிறி யாருடையது என்ற கேள்வி வருமாதலால், போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்று முன்பே பேசி வைக்க வேண்டும்.

டாக்குரியாவை விட்டுத் தெற்கே பாருய்ப்பூர்ப் பக்கம் குடியேறும் நண்பர்களுக்கு ஒரு சொல். அங்கே மாநில அரசின் விநியோகக் கம்பெனி மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் படிகளை அளக்கிறது. பூஜை விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த மாதத்தின் கீழ்ப்படிகள் அடுத்த மாதத்துக்கு உதவும். நம் டாக்குரியாவில் மாதந்தோறும் கணக்கு முடிவதால் அந்த வசதி இல்லை. ஆனால் வேறுபாடு சிறிதே: 120, 120, 360 என்று ஏற்றத்தாழ்வாகச் செலவழித்தவர், மாதம் 200 என்று சீராகச் செலவழித்தவரைவிட மூன்று மாதத்தில் 105 ரூபாய் 60 காசுதான் அதிகம் கட்டுகிறார்.

அறைக்குள் பெட்டியை வைக்கும் முன் வீட்டுக்காரரிடம் சென்ற மே மாத பில் ஒன்றையும் டிசம்பர் பில் ஒன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர் குடும்பம் எந்தப் படியில் நிற்கிறது என்பது அதில் தெரியும். பெரிய மீட்டர், சப்-மீட்டர் இரண்டின் எண்ணையும் அன்றே இருவரும் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் யூனிட் விலையோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.