பனியன் துணிக் கயிற்றில் புல்லட்டைக் கட்டாதீர்கள்

"பனியன் துணிக் கயிறுதானுங்க நல்லது. வளைஞ்சு கொடுக்கும், வெட்டாது."

நடுரோட்டில் நின்றுபோன பைக்கை இன்னொரு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பேச்சு வந்தால் போதும், திருப்பூரில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். காதர்பேட்டையில் சொல்கிறார்கள். காங்கயம் ரோட்டுப் பட்டறைகளில் சொல்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து, ஸ்டார்ட் ஆகாத வண்டியோடு கம்பெனி வாசலில் நிற்கும் பையனிடமும் சொல்லி, கையில் ஒரு துணிக் கயிற்றையும் கொடுத்து அனுப்புகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. பின்னலாடைத் துணியைச் சோதிப்பது என் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன்: இது தவறு. ஆளைக் கொல்லக்கூடிய தவறு.

நம்பிக்கை: பனியன் துணிக் கயிறு நீளும், அதனால் இழுவைக்கு அதுவே பாதுகாப்பு.

உண்மை: நீள்வதுதான் அதன் ஆபத்து.

முதலில், அது கயிறே இல்லை. சிங்கிள் ஜெர்சித் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஓரங்கள் சுருண்டு, தட்டையான பட்டை உருண்டையாகிவிடும். அப்படி மூன்றைச் சேர்த்து முறுக்கினால் கட்டைவிரல் பருமன் வரும். கையால் அறுக்க முடியாது. உடனே "இரும்பு மாதிரி" என்று நம்பிவிடுகிறார்கள்.

நெசவுத் துணியில் பாவு நூல் நீளவாக்கில் நேராக ஓடுகிறது. இழுத்தால் நூலே சுமையைத் தாங்கும். பின்னல் துணியில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கிறது. இழுத்தால் முதலில் கண்ணிகள் விரிந்து நீளும்; அதற்குப் பிறகுதான் நூல் சுமை தாங்கத் தொடங்கும். உடம்போடு நீண்டு சுருங்க வேண்டும் என்றுதானே இப்படிப் பின்னுகிறோம்? சோதனைக் கூடத்தில் நெசவுத் துணியை இரு பக்கமும் பிடித்து இழுத்து அறுத்துப் பலம் பார்ப்போம். பனியன் துணிக்கு அந்தச் சோதனை சரிவராது என்றுதான், ரப்பர் சவ்வை வைத்துக் கீழிருந்து ஊதி வெடிக்கவிட்டு 'பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த்' எடுக்கிறோம். இத்தனை கிலோ இழுவை தாங்கும் என்று சொல்லி எந்தப் பனியன் துணியும் மில்லை விட்டு வெளியே வருவதில்லை. சோதனைக் கூடம் தராத சான்றிதழை வாசலில் நிற்பவர் வாய்வார்த்தையாகத் தருகிறார்.

இப்போது அந்தக் கயிற்றின் ஒரு முனையைக் குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியிலும் மறுமுனையைப் புல்லட்டிலும் கட்டுங்கள். புல்லட் 350 சுமார் 195 கிலோ. மேலே 70 கிலோ ஆள். மொத்தம் 265 கிலோ. குட்டியானை நகர்ந்ததும் பைக் நகராது, கயிறு நீளும். நீள நீள அதற்குள் விசை சேரும். போதுமான விசை சேர்ந்ததும் பைக் ஒரே தாவாகத் தாவி, முன்னே போகும் வண்டியைவிட வேகமெடுக்கும். கயிறு தொய்ந்து ரோட்டில் விழும். முன்சக்கரம் அதன்மேல் ஏறும். அடுத்த நொடி குட்டியானை மறுபடி இழுக்கும்போது, சக்கரத்துக்கு அடியிலிருந்தோ ஃபோர்க்கைச் சுற்றியோ கயிறு விறைத்து எழும். பைக் கவிழும். விழுந்தவர் சுதாரிக்கும் முன்பே வண்டியும் ஆளும் இழுபடுவார்கள். வெட்டாது என்கிறீர்களே, ஒரு வெட்டைப் பல வெட்டாக்கி வழி முழுக்கத் தருவதற்குப் பெயர் பாதுகாப்பா?

"ஜீப்காரங்க நீளுற நைலான் கயிறு வெச்சிருக்காங்களே" என்று சிலர் வாதிடுகிறார்கள். அது சேற்றில் சிக்கிய நான்கு சக்கர வண்டியை ஒரே இழுப்பில் வெளியே எடுப்பதற்கு. தாங்கும் எடையைக் கணக்கிட்டுத் தயாரித்தது, அதற்கேற்ற கொக்கிகளோடு வருவது. இழுக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. அறுந்த கயிறு பின்னால் பாய்ந்து அடிக்கும் என்பதைத் துறைமுகத்தில் கப்பலைக் கயிற்றால் பிணைக்கிறவர்களும் அறிவார்கள். நீங்களோ அந்தக் கயிற்றின் நேர்கோட்டில், ஐந்து மீட்டர் தள்ளி, பைக்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

முடிச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்தக் கயிற்றிலும் முடிச்சு போட்ட இடத்தில் பலம் ஏறக்குறைய பாதிவரை குறையும். பருத்திப் பின்னல் துணியில் இன்னொரு கேடும் உண்டு: சுமை ஏறினால் முடிச்சு இறுகிப் பூட்டிக்கொள்ளும். கம்பெனியில் துணிப்பட்டையால் கட்டிய பண்டலை யாராவது அவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? கத்திரியால்தான் வெட்டுகிறோம். ஆபத்து வந்த அரை நொடியில் பைக்கில் இருப்பவர் கயிற்றிலிருந்து விடுபட்டாக வேண்டும். ஹேண்டில்பாரில் இறுகிய பனியன் முடிச்சிலிருந்து அவர் எப்படி விடுபடுவார்?

போதாததற்கு அந்தத் துணி எந்த லாட் என்று ஒருவருக்கும் தெரியாது. பிளீச் செய்ததா, பயோ வாஷில் நொதி தின்றதா, ஊசி வெட்டிய ஓட்டை உள்ளதா? ஒரு கண்ணி அறுந்தால் அங்கிருந்து ஏணிபோல இறங்கிக்கொண்டே போகும். டி-ஷர்ட்டுக்கு லாயக்கில்லை என்று நாம் ஒதுக்கிய துணியில் ஓர் உயிரைக் கட்டுகிறோம்.

நம்பிக்கை: அப்படியானால் நல்ல கயிறு போட்டு இழுக்கலாம்.

உண்மை: இரு சக்கர வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவே வேண்டாம். கார் சாயாமல் தானாக நிற்கும். பைக் சாயாமல் நிற்பது, ஓட்டுபவர் ஹேண்டில்பாரை நொடிக்கு நொடி இம்மியளவு திருப்பிச் சமாளிப்பதால். அந்தத் திருப்பலைக் கயிறு பிடுங்கிக்கொள்கிறது. பழுதான வண்டியை அருகிலுள்ள பட்டறை அல்லது பெட்ரோல் பங்க் வரைதான் இழுக்கலாம், இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 1989-ம் ஆண்டின் சாலை விதிகள் வரையறுத்தன. 2017-ல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. ஆனால் இயற்பியல் மாறவில்லை. 24 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டரைக் கடக்க முக்கால் நொடி போதும். முன்வண்டி சட்டென்று நின்றால், பின்னால் இருப்பவர் பிரேக்கைத் தொடுவதற்கே அந்த முக்கால் நொடி போய்விடும். அவிநாசி ரோட்டில் 40-ல் இழுத்துப் போகிறவர்களுக்கு அரை நொடிகூட இல்லை. ஜெர்மனியின் சாலை விதி ஒரே வரியில் முடித்துவிட்டது: மோட்டார் சைக்கிள்களை இழுத்துச் செல்லக் கூடாது.

நம்பிக்கை: இன்னொரு பைக்கிலிருந்து கால் கொடுத்துத் தள்ளினால் கயிறே வேண்டாம்.

உண்மை: ஒரு பக்கத்தில் மட்டும் தள்ளுவதால் இரண்டு வண்டியும் கோணிக்கொண்டே போகும். தள்ளுபவர் வலது காலைக் கொடுத்தால் பின் பிரேக் இல்லை. இடது காலைக் கொடுத்தால் கியர் இல்லை. இரண்டு பைக்கும் சேர்ந்து பாதி ரோட்டை அடைக்க, பின்னால் கன்டெய்னர் லாரி வருகிறது. செய்யாதீர்கள்.

நம்பிக்கை: நியூட்ரலில் போட்டால் எவ்வளவு தூரமும் இழுக்கலாம்.

உண்மை: நியூட்ரலிலும் பின்சக்கரம் செயினையும் கியர்பாக்ஸின் ஒரு தண்டையும் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆயில் பம்ப்பை ஓட்டும் இன்ஜின் நின்றிருக்கும். தெருமுனை வரை கையால் உருட்டலாம். பல்லடம் வரை வேண்டாம்.

நம்பிக்கை: மின்சார ஸ்கூட்டரில் கியரே இல்லை, இழுத்தால் ஒன்றும் ஆகாது.

உண்மை: சக்கரத்திலேயே காந்த மோட்டார் உள்ள வண்டியை இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் உண்டாக்கும். வேகம் கூடினால் கன்ட்ரோலருக்கு ஆபத்து. கையேட்டைப் பாருங்கள், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

நம்பிக்கை: மூன்று சக்கரம் விழாது.

உண்மை: விழும். அரசு மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வளைவில் சாயாது. சாய முடியாததால்தான் கயிறு பக்கவாட்டில் இழுக்கும்போது கவிழ்கிறது. அதை ஏற்றுவதற்கு ஒற்றைப் பலகையும் ஆகாது. எல்லாச் சக்கரங்களும் அடங்கும் அகலச் சாய்பலகை வேண்டும். ஓட்டுபவரை அதன்மேல் உட்காரவைத்தபடி ஏற்றவே கூடாது.

நம்பிக்கை: குட்டியானையில் ஏற்றிச் சைடு ஸ்டாண்ட் போட்டால் போதும்.

உண்மை: முதல் வேகத்தடையிலேயே ஸ்டாண்ட் மடங்கும். வண்டியை நிமிர்த்தி, முன்சக்கரத்தை முன்தடுப்பில் முட்ட வைத்து, கியரில் போடுங்கள். ஃபோர்க்கின் மேல்பகுதியிலிருந்து இருபுறமும் சாய்வாக இரண்டு பெல்ட், பின்னால் இரண்டு. முன் ஷாக்அப்சர்பர் பாதியளவு அமுங்கும்வரை இறுக்குங்கள். பெல்ட் சைலென்சரைத் தொடக் கூடாது.

அந்தப் பெல்ட் விஷயத்தில்தான் நம் ஊர்மேல் எனக்குக் கோபம். நெய்த பாலியஸ்டர் நாடாவில் செய்த லாஷிங் பெல்ட், தாங்கும் சுமையைத் தன் சீட்டிலேயே அச்சிட்டுக்கொண்டு வருகிறது. ஐரோப்பியத் தரப்படி நீலச் சீட்டு என்றால் பாலியஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிபுரொப்பிலீன். சரக்கு நசுங்காமல் ஹாம்பர்க் போய்ச் சேர வேண்டும் என்று பெட்டிபெட்டியாகக் கவனமெடுக்கும் கம்பெனிகள், அதைத் தைத்த தொழிலாளியின் வண்டிக்கு வேஸ்ட் துணியைக் கிழித்துக் கொடுக்கின்றன. ஜட்டிக்கு எலாஸ்டிக்கும் சட்டைக்கு டேப்பும் நெய்கிற யூனிட்டுகள் இங்கேயே இருக்கின்றன. அகலமும் நூலும் மாற்றி, முறையாகச் சோதித்து, சீட்டு வைத்து லாஷிங் நாடா நெய்ய அவர்கள் முன்வர வேண்டும். கட்டிங் வேஸ்ட் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுக்குப் போய் மறுபடி நூலாகட்டும்; அதன் இடம் அது.

முதலாளிகளிடம் ஒரு கோரிக்கை. நூறு பைக் நிற்கும் ஷெட்டைக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். வாட்ச்மேன் அறையில் ஓர் அகலச் சாய்பலகையும் சீட்டுள்ள நான்கு பெல்ட்டும் வாங்கி வையுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து ஒரு வண்டி நின்றுபோனால் கம்பெனிக் குட்டியானையில் ஏற்றி அனுப்புங்கள். வண்டி இல்லையென்றால் பைக்கை ஷெட்டிலேயே பூட்டிவிட்டு ஆளை இன்னொருவர் பின்னால் ஹெல்மெட்டோடு அனுப்புங்கள். பைக் காலைவரை நிற்கலாம், அதனால் எந்த ஷிப்மென்ட்டும் தவறப்போவதில்லை. துணிக் கயிற்றை எடுத்துக்கொண்டு வருகிறவரை மட்டும் வாசலிலேயே தடுத்து நிறுத்துங்கள்.