மணவறையில் நாலு நிற வெளிச்சம்: எதை எதற்குப் பொருத்துவது?

விடியற்காலை முகூர்த்தம். மணவறைக்கு மேலே மஞ்சள் எல்.இ.டி. விளக்குகள், கூடத்தின் கூரையில் வெள்ளை டியூப் லைட்டுகள், வாசல் வழியே வரும் நீலம் கலந்த காலை வெளிச்சம், நடுவே குத்துவிளக்குச் சுடர். போதாததற்குப் புகைப்படக்காரரின் ஃபிளாஷ். பார்க்கிறவர் கண்ணுக்கு இந்த வேற்றுமை பெரிதாகத் தெரிவதில்லை. மூளை அவ்வப்போது சரிசெய்துகொள்கிறது. கேமராவோ ஒரு படத்துக்கு ஒரே ஒரு திருத்தம்தான் செய்யும். அதனால்தான் மணமகளின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் பதிவாகிறது.

ஒளியின் நிற வெப்பநிலையைக் கெல்வின் அளவில் சொல்வார்கள். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். விளக்குச் சுடர் ஏறத்தாழ 1900, குண்டு பல்பு 2700, ஹாலஜன் 3200, ஃபிளாஷும் நண்பகல் வெயிலும் 5500, ‘கூல் டேலைட்’ டியூப் 6500. ஆனால் இந்த எண்களைக் கழித்துப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 5500க்கும் 6500க்கும் உள்ள வேற்றுமை கண்ணில் லேசாகத்தான் படும். 2700க்கும் 3700க்கும் உள்ளது முகத்தில் அறையும். இரண்டிலும் இடைவெளி 1000தான். இதற்காகவே ஒளிப்பதிவாளர்கள் மைரெட் கணக்கை வைத்திருக்கிறார்கள்: பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் முதல் இடைவெளி 28 மைரெட், இரண்டாவது 100. ஃபிளாஷையும் டியூப் லைட்டையும் கெல்வின் பொருத்தாமலே சமாளிக்கலாம். ஃபிளாஷையும் குண்டு பல்பையும் அப்படியே விட முடியாது.

எந்த வெளிச்சத்தை மாற்றவே முடியாது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதுதான் தலைமை, மற்றவை அதன் பக்கம் வர வேண்டும்.

மிக மலிவான வழி அணைப்பது. மணவறைக்கு நேர் மேலே எரியும் நான்கு டியூப்களை அணைக்கச் சொல்லி மண்டபத்து எலக்ட்ரீசியனிடம் முன்கூட்டியே கேட்டால், பாதித் தொல்லை அங்கேயே தீரும். வீடியோக்காரரையும் சேர்த்துக்கொண்டு கேட்பது நல்லது. அவருக்கு அந்த வெளிச்சம் தேவைப்படலாம்.

அணைக்க முடியாத மஞ்சள் விளக்குகளுக்கு நடுவே ஃபிளாஷ் அடித்தால் முகம் வெளிறி, பின்னணி ஆரஞ்சாகும். இங்கே கைகொடுப்பது ஃபிளாஷ் முன் ஒட்டும் ஆரஞ்சு ஜெல். லீ நிறுவனத்தின் 204ஆம் எண் முழு ஜெல், 5500 கெல்வின் ஃபிளாஷை ஏறத்தாழ 2900க்கு இறக்கும். 205 என்ற அரை ஜெல் 3400 அளவில் நிறுத்தும். மண்டபத்து விளக்கு 3000 என்றால் 204 சரி. விளக்குகளுக்கு நீல ஜெல் போட்டு ஃபிளாஷின் நிறத்துக்கு ஏற்றுவது வீண் வேலை: முழு நீல ஜெல் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடும், முழு ஆரஞ்சு பாதிக்கு மேல் விடுகிறது.

பை-கலர் எல்.இ.டி. பேனல் வைத்திருப்பவர்களுக்கு ஜெல் தேவையில்லை. குமிழைத் திருப்பினால் போதும். ஆனால் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 5600 காட்டும் இரண்டு கம்பெனி விளக்குகளில் ஒன்று பச்சையும் மற்றொன்று இளஞ்சிவப்பும் அடிக்கலாம். கெல்வின் மஞ்சள்-நீலத்தை மட்டும்தான் சொல்லும். பச்சை-மெஜந்தா வேறு கணக்கு. கேமராவின் ஒயிட் பேலன்ஸை ஓர் எண்ணில் பூட்டி, ஒரே வெள்ளைத் துணியில் இரு விளக்கையும் பக்கம் பக்கமாக அடித்துப் படம் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

வாங்கும்போது சி.ஆர்.ஐ. எண்ணோடு ஆர்9 மதிப்பையும் கேட்க வேண்டும். சி.ஆர்.ஐ. என்பது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அதில் சேராது. ஆகவே சி.ஆர்.ஐ. 80 என்று அச்சிட்ட விளக்கிலும் சிவப்பு செத்துக் கிடக்கலாம். நம்மூர்க் கல்யாணத்தில் அரக்குக் கூறைப்பட்டும் குங்குமமும் மங்கினால் படமே போயிற்று.

பழைய டியூப் லைட்டுகளில் இன்னொரு சிக்கல்: பாதரச ஆவி தரும் பச்சை. ஃபிளாஷுக்கு 244ஆம் எண் பச்சை ஜெல் போட்டு, கேமராவில் மெஜந்தாவைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து சரியாகும். சோக் வைத்த டியூப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு துடிப்பதால், ஷட்டரை 1/100க்கு மேல் வேகமாக்கினால் படத்துக்குப் படம் நிறம் மாறும்.

‘பிறகு கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது பலர் எடுக்கும் முடிவு. ரா கோப்பாக இருந்தால் ஒட்டுமொத்த நிறத்தைத் திருத்துவது எளிது. ஒரே முகத்தில் இரு நிறம் கலந்திருந்தாலோ, மூக்கோரம் மாஸ்க் வரைந்து ஒவ்வொரு படமாகத் திருத்த வேண்டும். சுவரில் மாட்டும் ஒரு படத்துக்கு அது தகும். ஆல்பம் முழுவதற்கும் தகாது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸை விட்டுவிட்டு எண்ணை நிலையாக வைத்தாலாவது எல்லாப் படங்களையும் ஒரே வீச்சில் திருத்தலாம்.

குத்துவிளக்குச் சுடரை மட்டும் எதனோடும் பொருத்தக் கூடாது. ஃபிளாஷும் மண்டப விளக்கும் 3000 அருகே சேர்ந்தபின் கேமராவை 3500இல் வைத்தால், முகங்கள் இளஞ்சூட்டோடு இருக்கும், சுடரும் தன் செம்மஞ்சளை இழக்காது. மாலை வரவேற்பு மேடையின் வண்ண விளக்குகளுக்கும் பொருத்தம் தேடத் தேவையில்லை. அவற்றைப் பின்திரைப் பக்கம் திருப்பிவிட்டு, முகத்துக்கு ஒரே வெள்ளை விளக்கை வைத்தால் போதும்.